விமான நிலையத்தை எதிர்த்து நகரமாக மாறிய முதியோர் குடியிருப்பு: லகுனா வுட்ஸ் தன்னைத் தானே ஆள்வது எப்படி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில், லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே ஆரஞ்சு கவுண்டியில் இருக்கிறது லகுனா வுட்ஸ் நகரம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 17,644 பேர். மேயர் உண்டு, ஐந்து பேர் கொண்ட நகர மன்றம் உண்டு, தனி பட்ஜெட் உண்டு. மற்ற நகரங்களிலிருந்து ஒரே வித்தியாசம், இங்கே வாக்களிப்பவர்களில் பெரும்பாலானோர் ஓய்வு பெற்றவர்கள்.

காரணம், நகரத்தின் பெரும்பகுதியே ஒரு குடியிருப்பு வளாகம்தான். லகுனா வுட்ஸ் வில்லேஜ் என்று பெயர். சுமார் 2,000 ஏக்கர், 12,736 வீடுகள். 55 வயதைத் தாண்டியவர்களுக்காகவே கட்டப்பட்டது.

இவ்வளவு பெரிய இடத்தை யார் நடத்துகிறார்கள்? பில்டரா, அரசாங்கமா, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளா? யாரும் இல்லை. அங்கே குடியிருக்கும் பெரியவர்களே தேர்தல் வைத்து, கமிட்டி போட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி நடத்துகிறார்கள். 80 வயதில் பட்ஜெட் கூட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கே சர்வசாதாரணம்.

அந்த ஆட்சி எப்படி நடக்கிறது, எங்கே இடிக்கிறது என்று பார்க்கலாம்.

முதியோர் இல்லம் இல்லையா இது?

இல்லை. முதியோர் இல்லம் என்றதும் மனதில் வரும் படத்தை முதலில் அழித்துவிட வேண்டும். இங்கே வார்டன் கிடையாது, வரிசையாகக் கட்டில் கிடையாது. அவரவர் வீடு, அவரவர் சமையல், அவரவர் கார். உடம்புக்கு முடியாமல் போனால் பராமரிப்பாளரை அவரவரே வைத்துக்கொள்ள வேண்டும். நர்ஸ் அனுப்புவது வளாகத்தின் வேலை இல்லை.

இதைக் கட்டியவர் ராஸ் கோர்டீஸ் என்ற பில்டர். 1960-களின் தொடக்கத்தில் சீல் பீச் என்ற ஊரில் ‘லெஷர் வேர்ல்டு’ என்ற பெயரில் முதல் ஓய்வுக்கால குடியிருப்பைத் தொடங்கினார். அது விற்றுத் தீர்ந்த தைரியத்தில் தெற்கே மேய்ச்சல் நிலங்களை வாங்கி இன்னொன்றை எழுப்பினார். அதுதான் 1964-ல் திறக்கப்பட்ட இந்த வளாகம். அப்போது குறைந்தபட்ச வயது 52. 2005-ல்தான் லெஷர் வேர்ல்டு என்ற பெயர் போய் லகுனா வுட்ஸ் வில்லேஜ் ஆனது. பழைய ஆட்கள் இன்னும் பழைய பெயரில்தான் சொல்கிறார்கள்.

ஏழு கிளப் ஹவுஸ், ஐந்து நீச்சல் குளம், கோல்ஃப் மைதானம், குதிரை லாயம், மர வேலைப் பட்டறை, காய்கறி போட்டுக்கொள்ளத் தோட்டப் பாத்திகள், உள்ளேயே ஓடும் இலவச பஸ், சொந்தமாக ஒரு டிவி சேனல் என்று வசதிகளுக்குக் குறைவில்லை. கிளப்புகள் மட்டும் 200-க்கு மேல். இதில் மற்றவற்றைவிட முக்கியமானது பஸ். கண் மங்கி, கார் லைசென்ஸ் கைவிட்டுப் போன பிறகு ஒருவர் கடைக்கும் டாக்டரிடமும் போக முடிகிறதா என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

ஒரே வளாகம், எத்தனை நிர்வாகம்?

இங்கேதான் கொஞ்சம் தலை சுற்றும். 12,736 வீடுகளும் ஒரே சங்கத்தின் கீழ் வருவதில்லை. வீடுகளைப் பார்த்துக்கொள்ள மூன்று தனி அமைப்புகள் இருக்கின்றன. அவற்றை ‘மியூச்சுவல்’ என்று அழைக்கிறார்கள்.

முதலாவது யுனைடெட் மியூச்சுவல். 6,323 வீடுகள். வளாகத்தின் பழைய பகுதி இது. இங்கே குடியிருப்பவருக்கு வீடு சொந்தமில்லை! கட்டடம் முழுவதும் சங்கத்தின் பெயரில் இருக்கும். அவர் கையில் இருப்பது சங்கத்தின் பங்கும், அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும். கூட்டுறவு சங்கம் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தேர்டு மியூச்சுவல். 6,102 வீடுகள். இது காண்டோமினியம், அதாவது நாம் ஃபிளாட் வாங்குவது போன்றது. நான்கு சுவருக்குள் இருப்பது உரிமையாளருடையது. கூரை, படிக்கட்டு, வெளிச்சுவர், குழாய்ப் பாதை எல்லாம் பொது.

மூன்றாவது மியூச்சுவல் ஃபிஃப்டி. டவர்ஸ் என்று அழைக்கப்படும் உயரமான கட்டடங்கள், 311 வீடுகள். அதென்ன மூன்றே அமைப்பு இருக்கும்போது ஒன்றின் பெயர் ஐம்பது? ஆரம்ப காலத்தில் வளாகம் பகுதி பகுதியாகக் கட்டப்பட்டபோது ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சங்கம் என்று டஜன் கணக்கில் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக இணைந்தன. இணையாமல் நின்ற டவர்ஸ் மட்டும் அந்தப் பழைய எண்ணோடு தொடர்கிறது.

இந்த மூன்றுக்கும் மேலே, அல்லது பக்கத்தில் என்று சொல்வதுதான் சரி, கோல்டன் ரெயின் ஃபவுண்டேஷன் இருக்கிறது. தமிழில் பொன்மழை அறக்கட்டளை. பெயரைக் கேட்டால் யாரோ வள்ளல் தொடங்கியது போலத் தோன்றும். உண்மையில் கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், பஸ், செக்யூரிட்டி கேட் என எல்லோருக்கும் பொதுவானதை வைத்திருக்கும் லாப நோக்கமற்ற நிறுவனம். அதன் போர்டில் 11 பேர். யுனைடெட் சார்பில் ஐந்து, தேர்டு சார்பில் ஐந்து, டவர்ஸ் சார்பில் ஒருவர்.

அந்த ஒருவர் ஓட்டு சில நேரம் எவ்வளவு முக்கியம் ஆகிவிடும் என்பதைக் கணக்குப் போட்டாலே தெரியும்.

போர்டு உறுப்பினர்கள் அனைவரும் குடியிருப்பவர்கள், சம்பளம் கிடையாது. தினசரி வேலைகளைச் செய்ய, இந்த வளாகத்துக்காகவே உருவாக்கப்பட்ட ஒரு நிர்வாக நிறுவனம் ஊழியர்களை வைத்திருக்கிறது. குழாய் ஒழுகினால் போன் போகும் இடம் அது. ஆனால் குழாயை மாற்ற எவ்வளவு செலவிடலாம் என்பதை முடிவு செய்வது போர்டு. கூட்டங்கள் வளாகத்தின் டிவி சேனலிலேயே ஒளிபரப்பாகின்றன.

எல்லாம் அவரவர் இஷ்டத்துக்கு நடப்பதும் இல்லை. டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டம் என்று கலிஃபோர்னியாவில் 1985 முதல் ஒன்று இருக்கிறது. குடியிருப்பு சங்கங்களுக்கான சட்டப் புத்தகம் அது. போர்டு கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பே என்னென்ன பேசப் போகிறோம் என்று அறிவிக்க வேண்டும். உறுப்பினர் யாரும் வந்து உட்காரலாம், பேசலாம். வழக்கு, ஒப்பந்தப் பேச்சு, ஊழியர் விவகாரம், ஒரு உறுப்பினர் மீதான நடவடிக்கை போன்றவற்றை மட்டுமே மூடிய கதவுக்குள் பேச முடியும். தேர்தல் ரகசிய வாக்குச்சீட்டில், உறைக்குள் உறை போட்டு நடக்க வேண்டும். எண்ணுவதற்கு போர்டுக்குத் தொடர்பில்லாத கண்காணிப்பாளர் வேண்டும். போர்டு பிடிக்கவில்லையா? 5% உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டச் சொல்லி, அவர்களைப் பதவி நீக்கும் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடலாம்.

குடியிருப்பு எப்படி நகரமானது?

சங்கம் நடத்துவது வேறு, நகரம் ஆவது வேறு. 1991-ல் பக்கத்துப் பகுதிகள் சேர்ந்து லகுனா ஹில்ஸ் என்று தனி நகரம் ஆனபோது இந்த வளாகம் அதில் சேரவில்லை. கவுண்டி நிர்வாகத்தின் கீழேயே இருந்தது. கோல்ஃப் ஆட வந்த இடத்தில் நகராட்சி எதற்கு என்ற மனநிலைதான்.

அதை மாற்றியது ஒரு விமான தளம். சில கிலோமீட்டர் தூரத்தில் எல் டோரோ என்ற கடற்படைப் பிரிவின் விமான தளம் இருந்தது. பனிப்போர் முடிந்த பிறகு ராணுவத் தளங்களைக் குறைத்த அமெரிக்க அரசு, 1993-ல் இதையும் மூடப் போவதாக அறிவித்தது. காலியாகும் 4,700 ஏக்கரில் பெரிய சர்வதேச விமான நிலையம் கட்டலாம் என்று கவுண்டி நிர்வாகம் திட்டமிட்டது. 1994-ல் நடந்த வாக்கெடுப்பிலும் அதற்குப் பச்சைக்கொடி கிடைத்தது.

கவுண்டியின் வடக்கே இருந்தவர்களுக்கு இது வசதி. தங்கள் தலைக்கு மேல் ஏற்கெனவே பறக்கும் விமானங்கள் அதிகமாகாது. தெற்கே இருந்தவர்களுக்குத் தலைவலி. தரையிறங்கும் விமானங்கள் தாழ்வாக வரும் பாதை நேராக லெஷர் வேர்ல்டு கூரைகளுக்கு மேலே. அமைதிக்காக வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்?

எதிர்ப்பு தெரிவிக்கலாம், ஊர்வலம் போகலாம். ஆனால் குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானத்துக்கு ஒரு நகர மன்றத்தின் தீர்மானத்துக்கு உள்ள எடை கிடையாது. தெற்குப் பகுதி நகரங்கள் கூட்டமைப்பு வைத்து விமான நிலையத்தை எதிர்த்துக்கொண்டிருந்தன. அதில் சம பங்காளியாக உட்கார வேண்டும் என்றால் நகரமாக இருக்க வேண்டும். ஆகவே, நகரமாகிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். வாக்கெடுப்பு நடந்து, 1999 மார்ச் 24 அன்று லகுனா வுட்ஸ் நகரம் பிறந்தது.

அடுத்த மூன்று ஆண்டுகள் மனு, வழக்கு, வாக்கெடுப்பு என்று ஓடின. 2002 மார்ச்சில் ‘மெஷர் டபிள்யூ’ என்ற வாக்கெடுப்பில், அந்த நிலத்தை விமான நிலையத்துக்குப் பதில் பூங்காவுக்கும் பிற பயன்பாட்டுக்கும் ஒதுக்க கவுண்டி முழுவதும் சுமார் 58% பேர் ஆதரவளித்தனர். விமான நிலையத் திட்டம் அதோடு முடிந்தது. அந்த இடத்தில் இப்போது இருப்பது கிரேட் பார்க் என்ற பூங்காவும் புதிய குடியிருப்புகளும். லகுனா வுட்ஸ் தனி ஒருவராக ஜெயித்தது என்று சொல்ல முடியாது. தெற்குப் பகுதி முழுவதும் சேர்ந்து செய்தது. ஆனால் தவறாமல் ஓட்டுப் போடும் ஆயிரக்கணக்கான முதியவர்களை யாரும் அலட்சியம் செய்ய முடியவில்லை.

நகரமான பிறகும் ஆடம்பரம் எதுவும் இல்லை. போலீஸ் வேலையைக் கவுண்டி ஷெரீஃபிடம் காசு கொடுத்து ஒப்படைத்திருக்கிறார்கள். தீயணைப்பும் கவுண்டி அமைப்பிடமே. கோல்ஃப் வண்டியில் கடைக்குப் போகப் பொதுச் சாலையோரம் பாதை அமைத்தது இந்த நகரத்தின் பிரத்யேக சாதனை.

சங்கம் ஒன்று சொல்ல, நகரம் வேறு சொன்னால்?

அப்படியும் நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1996 முதல் மருத்துவத்துக்காக கஞ்சா பயன்படுத்த அனுமதி உண்டு. மூட்டு வலி, புற்றுநோய் சிகிச்சை என்று அதை நாடும் முதியவர்கள் அதிகம் என்பதால், 2008-ல் லகுனா வுட்ஸ் நகர மன்றம் மருத்துவ கஞ்சா விற்பனை நிலையத்துக்கு இடமளித்து விதி செய்தது. கட்சி ரீதியாகப் பழமைவாதம் மிகுந்த ஆரஞ்சு கவுண்டியில் இது பெரிய செய்தி. ஆனால் இடத்தை வாடகைக்கு விட யாரும் முன்வரவில்லை.

சரி, நாமே வளர்த்துக்கொள்வோம் என்று குடியிருப்பவர்கள் சிலர் கிளம்பினார்கள். உடனே கோல்டன் ரெயின் போர்டு, வளாகத்தின் தோட்டப் பாத்திகளில் கஞ்சா வளர்க்கத் தடை போட்டது. அதே வாக்காளர்கள், இரண்டு ஆட்சி, இரண்டு பதில்!

பணம்தான் பெரிய சண்டை. ஏன்?

ஒவ்வொரு வீடும் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு பங்கு மியூச்சுவலுக்கு, ஒரு பங்கு கோல்டன் ரெயினுக்கு. தொகை மாதம் பல நூறு டாலர். வீடு வாங்கும்போது பொது வசதிகளுக்கென்று ஒரு தடவை கட்டும் கட்டணம் தனி.

எதிர்ப்பக்கம் வருமானத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஓய்வு பெற்ற ஊழியருக்குக் கிடைக்கும் அரசு ஓய்வூதியம் 2025-ல் சராசரியாக மாதம் சுமார் 2,000 டாலர். அந்த ஆண்டு விலைவாசிக்காக அதில் கூட்டியது 2.5%. கலிஃபோர்னியா சட்டப்படி, உறுப்பினர்களைக் கேட்காமலேயே போர்டு ஒரு வருடத்தில் பராமரிப்புக் கட்டணத்தை 20% வரை உயர்த்தலாம். வருமானம் இரண்டரை ஏறும்போது செலவு இருபது ஏற முடியும் என்றால், எந்தக் கூட்டத்தில் சத்தம் வராமல் இருக்கும்?

கட்டடங்களுக்கும் வயசாகிவிட்டது. பழையவை 60 ஆண்டை நெருங்கி, தாண்டிவிட்டன. மரச் சட்டங்கள் உளுத்துப்போகின்றன. சுவருக்குள் ஓடும் கழிவுநீர்க் குழாய்களை உடைக்காமல், உள்ளே எபாக்ஸி பூசிச் சரிசெய்யும் வேலை வருடக்கணக்காக ஓடுகிறது. அதற்கு மேல் காப்பீடு. காட்டுத்தீ இழப்புகளுக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் சில புதிய பாலிசி தருவதையே நிறுத்தின. ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்துக் காப்பீடு எடுக்கும் சங்கங்கள் அந்தச் சுமையை மாதக் கட்டணத்தில்தான் ஏற்ற முடியும்.

இதற்குள் இருக்கும் உண்மையான சிக்கல் காலம் பற்றியது. புதுக் கூரை 25 வருடம் தாங்கும். அதற்கு இன்று பணம் கட்டச் சொல்லப்படுபவருக்கு வயது 87. ‘நான் இருக்கப் போவது எத்தனை நாள், எனக்கெதற்கு?’ என்று அவர் கேட்டால் அது சுயநலமா, நியாயமா? பக்கத்து வீட்டுக்கு நேற்று குடிவந்தவருக்கு வயது 58. அவருக்கு அந்தக் கூரை கட்டாயம் வேண்டும். இருவருக்கும் தலா ஒரு ஓட்டு.

எதிர்காலப் பழுதுகளுக்காக சேர்க்கும் பணத்தை ‘ரிசர்வ்’ என்பார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது கட்டடத்தை நேரில் பார்த்து எவ்வளவு ரிசர்வ் வேண்டும் என்று கணக்கிட வேண்டும், எவ்வளவு கையில் இருக்கிறது என்று உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது கலிஃபோர்னியா சட்டம். ஆனால் இவ்வளவு சேர்த்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தப் பொறுப்பு போர்டிடம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டின் இன்னொரு மூலையில் உதாரணம் இருக்கிறது. ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடு நகரில் 2021 ஜூன் 24 நள்ளிரவு தாண்டி, சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடி காண்டோமினியம் இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தனர். அது முதியோர் குடியிருப்பு இல்லை. ஆனால் கதை ஒன்றுதான். 2018-லேயே பொறியாளர் பழுதைச் சுட்டிக்காட்டியிருந்தார். பழுது பார்ப்பது பற்றிய இழுபறிக்கு நடுவே 2019-ல் போர்டு உறுப்பினர்கள் பலர் ராஜினாமா செய்தார்கள். 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு ஒப்புதல் கிடைத்தது 2021 ஏப்ரலில். இரண்டு மாதம் தாமதம்.

ஃபுளோரிடாவில் அதுவரை, பெரும்பான்மை உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டு அந்த ஆண்டுக்கு ரிசர்வ் வேண்டாம் என்று முடிவெடுக்க முடியும். பல முதியோர் வளாகங்களில் வருடா வருடம் அப்படித்தான் நடந்தது. 2022 சட்டம் அந்த உரிமையைப் பறித்தது. மூன்று மாடி அல்லது அதற்கு மேல் உள்ள கட்டடங்களில் கூரை, தாங்கும் அமைப்பு, குழாய், மின்சாரம் போன்றவற்றுக்கான ரிசர்வை இனி ஓட்டுப் போட்டுத் தள்ளுபடி செய்ய முடியாது. கட்டணம் ஒரேயடியாக ஏற, ஓய்வூதியத்தை நம்பி இருந்தவர்கள் பலர் வீட்டை விற்கும் நிலைக்கு வந்தார்கள். அந்த அழுத்தத்தால் 2025-ல் கால அவகாசமும், கடன் வாங்கி ரிசர்வைக் காட்டும் வழியும் கொடுக்கப்பட்டன.

கலிஃபோர்னியாவின் பாடம் வேறு இடத்திலிருந்து வந்தது. 2015 ஜூனில் பெர்க்லி நகரில் உளுத்துப்போன மரத்தில் நின்ற பால்கனி முறிந்து, ஆறு இளைஞர்கள் இறந்தனர். அதன் பிறகு 2019-ல் வந்த சட்டம், காண்டோமினியம் சங்கங்கள் மரத்தால் தாங்கப்பட்ட பால்கனி, உயர நடைபாதை, படிக்கட்டு ஆகியவற்றைப் பொறியாளரை வைத்து 2025 ஜனவரி 1-க்குள் பரிசோதிக்க வேண்டும், பிறகு ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்றது. இரண்டு, மூன்று மாடிக் கட்டடங்கள் நிறைந்த ஒரு முதியோர் வளாகத்தில் இதை வீண் செலவு என்று தள்ளிவிட முடியாது. கைப்பிடி ஆடினாலே ஆபத்தான வயசு.

கட்டணம் கட்டாவிட்டால்?

சட்டம் இங்கே கொஞ்சம் கறார். பாக்கி 1,800 டாலரைத் தாண்டினாலோ, 12 மாதம் தாண்டினாலோ, வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகும் நடவடிக்கையை சங்கம் தொடங்கலாம். அதற்கு முன் பேச்சுவார்த்தைக்கு வாய்ப்பளிக்க வேண்டும், போர்டு தனியாக ஓட்டெடுத்து முடிவு செய்ய வேண்டும் என்ற பாதுகாப்புகள் உண்டு. விதி மீறலுக்கான அபராதம் மட்டும் 2025 நடுவிலிருந்து, உடல்நலம், பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை தவிர, ஒரு மீறலுக்கு 100 டாலர்தான் என்று கட்டுப்படுத்தப்பட்டுவிட்டது.

பேரப்பிள்ளைகள் வந்து தங்கலாமா? தங்கலாம். ஆனால் குடியேற முடியாது. வயது குறைந்த விருந்தினர் ஆண்டுக்குக் குறைந்தது 60 நாள் தங்க அனுமதிக்க வேண்டும் என்கிறது மாகாணச் சட்டம். வீட்டில் ஒருவராவது 55 வயது நிரம்பியிருக்க வேண்டும், உடன் குடியிருப்பவர் 45-ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்பது வளாகத்தின் விதி. உடம்பு முடியாதவரைக் கவனிக்கும் பராமரிப்பாளருக்கு விலக்கு உண்டு. நாய், பூனை? குறைந்தது ஒன்றை வளர்க்க சங்கம் தடை சொல்ல முடியாது.

வேறு ஊர்களிலும் இப்படித்தானா?

இல்லை. அரிசோனாவின் சன் சிட்டி 1960-ல் தொடங்கிய பிரபல ஓய்வுக்கால ஊர். லகுனா வுட்ஸைவிடப் பெரியது, ஆனால் இன்றுவரை நகரமாகவில்லை, கவுண்டிக்குக் கீழேயே இருக்கிறது. ஃபுளோரிடாவின் வெஸ்ட் பாம் பீச்சில் உள்ள செஞ்சுரி வில்லேஜ் நேர் எதிர் ரகம்: 7,854 வீடுகளுக்கு 309 தனித்தனி சங்கங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடமும் ஒரு குட்டி அரசாங்கம். ஒவ்வொன்றுக்கும் தலைவர், பொருளாளர் என்று ஆள் பிடிப்பதே ஒரு வேலை.

ஞாபகம் போனால் ஓட்டு யாருக்கு?

லகுனா வுட்ஸ் ஆராய்ச்சியாளர்களுக்கும் பழக்கமான பெயர். 1981-ல் லெஷர் வேர்ல்டு வாசிகள் கிட்டத்தட்ட 14,000 பேரிடம் அவர்களுடைய சாப்பாடு, உடற்பயிற்சி, மருந்து என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்கினார்கள். 2003-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் கிளை, அவர்களில் 90 வயதைத் தாண்டியவர்களைத் தேடிப் பிடித்து ‘90 பிளஸ்’ ஆய்வைத் தொடங்கியது. அளவாக காபி குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிட அதிக காலம் வாழ்ந்திருந்தார்கள் என்பது அதில் வெளிவந்து பேசப்பட்ட தகவல். காபியால்தான் வாழ்ந்தார்கள் என்று அது நிரூபிக்கவில்லை. கேட்க சுகமான இன்னொரு தகவல் இல்லை: 90 தாண்டியவர்களில் சுமார் 40% பேருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருந்தது.

வளாகத்தின் அன்றாடத்தில் இது தெரியும். பிரிட்ஜ் சீட்டாட்டம் அங்கே மும்முரம். எந்தச் சீட்டு இறங்கியது என்று ஞாபகம் வைக்க முடியாதவரோடு ஜோடி சேர மற்றவர்கள் மெல்லத் தயங்குவார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அழைப்பு வருவது மட்டும் நின்றுவிடும். ஆனால் சீட்டு மேஜையில் செய்வதை வாக்குச்சாவடியில் செய்ய முடியாதே?

சங்கத் தேர்தலில் ஓட்டு வீட்டுக்கு ஒன்று. அங்கே வீட்டை ‘மேனர்’ என்று பிரபுக்கள் மாளிகை போல அழைப்பது வழக்கம். அந்த வீட்டு உறுப்பினருக்கு மறதி வந்துவிட்டால் ஓட்டு பறிபோவதில்லை. அவர் முன்பே யாருக்காவது பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த நபருக்கு வாக்குச்சீட்டை மறுக்கக் கூடாது என்று 2020 முதல் கலிஃபோர்னியா சட்டம் சொல்கிறது. ஆக, அம்மாவின் ஓட்டை வேறு மாகாணத்தில் இருக்கும் மகன் போடலாம். மாதக் கட்டணம் கட்டுவதும் பெரும்பாலும் அவரேதான். அவர் எதை முக்கியமாக நினைப்பார்? அம்மா ஏறி இறங்கும் படிக்கட்டையா, நாளை வீட்டை விற்கும்போது கிடைக்கும் விலையையா? இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் பிரச்சினை இல்லை.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. முன்பு ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்கள் வாழ்ந்த வளாகத்தில், கடந்த 20 ஆண்டுகளில் சீன, கொரிய வம்சாவளியினர் கணிசமாகக் குடியேறியிருக்கிறார்கள். அவர்களுக்கென்று கிளப்புகள் வந்துவிட்டன. பிங் பாங் மேஜைக்கு மொழி தேவையில்லை. ஆனால் பட்ஜெட் கூட்டம் முழுவதும் ஆங்கிலத்தில் ஓடும்போது அதே சௌகரியம் கிடைக்காது.

ஓட்டுப் போட ஆள் வராவிட்டால்?

பெரிய சங்கங்களின் பழைய நோய் இது. போதுமான வாக்குகள் வராததால் தேர்தல் செல்லாமல் போய், பழைய போர்டே தொடர்ந்த சங்கங்கள் கலிஃபோர்னியாவில் உண்டு. அதற்காக 2024 முதல் ஒரு தளர்வு தரப்பட்டிருக்கிறது. முதல் முறை போதிய வாக்குகள் சேராவிட்டால், குறைந்தது 20 நாள் கழித்து மீண்டும் கூடி, 20% வாக்குகள் இருந்தாலே போர்டைத் தேர்ந்தெடுத்துவிடலாம். போட்டியிட ஆளே போதவில்லை என்றால், நிற்பவர்களைப் போட்டியின்றி அறிவிக்கவும் வழி இருக்கிறது.

2025 ஜனவரி முதல் சங்கங்கள் இணைய வழியில் தேர்தல் நடத்தவும் அனுமதி வந்துவிட்டது. ஆனால் கட்டண உயர்வு பற்றிய வாக்கெடுப்பை மட்டும் இணையத்தில் நடத்தக் கூடாது. மற்ற தேர்தல்களிலும், எனக்குக் காகிதச் சீட்டுதான் வேண்டும் என்று உரிய நேரத்தில் எழுதிக் கேட்கும் உறுப்பினருக்குக் காகிதச் சீட்டையே அனுப்ப வேண்டும்.